போன தெருவாலேயே திரும்பிய மேளம்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். பாரிசில் எல்லோரும் பிரெஞ்சுச் சாப்பாடோ இத்தாலிச் சாப்பாடோ சமைத்து ஓய்வூதியம் எடுக்க, நான் ஓர் அமெரிக்க நகரத்தின் சாப்பாட்டைச் சமைத்து ஓய்வுபெற்றவன் என்பதுதான் காரணம். இப்போது சமையலறைகளில் நிற்கும் இளம் பெடியன்கள் அதைப் பற்றிக் கேட்கிறார்களாம். "நியூ ஓர்லியன்ஸைப் பற்றி ஆருக்கும் தெரியாத விசயங்கள், புதினங்களாய் எழுதுங்கோ அண்ணை" என்றார் மலர்ப் பொறுப்பாளர். எழுதிக் கொடுத்தேன். சில நாளில் கூப்பிட்டார். கட்டுரை அருமை, கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துவிடலாமா, சமூக ஒற்றுமை என்று ஒன்று இருக்கிறதே என்றார். எடுக்கமாட்டேன் என்றேன். அப்படியென்றால் மலரில் இடம் போதாது என்றார். அவரிடம் இடம் இல்லை என்றால் வேறு இடம் இருக்கிறது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் பாரிசுக்கு வந்த விதம், கோப்பை கழுவியது, ஆறு பேர் ஓர் அறையில் படுத்தது, விசாவுக்கு அலைந்தது எதையும் சொல்லப்போவதில்லை. ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் அந்தக் கதை இலவசமாகக் கிடைக்கும். கோப்பை கழுவுவதில் இருந்து காய்கறி வெட்டுவதற்கும், அதிலிருந்து அடுப்புக்கும் வந்தேன். அவ்வளவுதான் என் பயிற்சிக்காலம்.

2009இல், ஊரில் யுத்தம் முடிந்த வருடம், நான் நின்ற உணவகத்தை மூடிவிட்டார்கள். லா சப்பலில் அந்த நாட்களில் யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. வேலை தேடி நடந்துகொண்டிருந்தபோது அங்கே எங்கள் கடைத்தெருவான ரூ காய்க்கு இரண்டு தெரு தள்ளி ஒரு புது உணவகத்தின் கண்ணாடியில் சமையல்காரர் தேவை என்று ஒட்டியிருந்தது. உள்ளே போனேன். ஒரு கறுப்பு அம்மா, அறுபது வயது இருக்கும், கதிரையைத் தூக்கி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலாளி, மதாம் செலஸ்தீன். பிறந்தது நியூ ஓர்லியன்ஸில். வெள்ளம் வந்து அந்த நகரம் மூழ்கியபோது வீடும் சாப்பாட்டுக் கடையும் போய், இங்கே வந்தவர். அவருடைய பிரெஞ்சு பாரிஸ் பிரெஞ்சு இல்லை. அவருடைய பாட்டன் பாட்டிகள் பேசிய பழைய பிரெஞ்சு. பாரிஸ்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே கிடையாது.

என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, அமெரிக்கா என்றால் உனக்கு என்ன தெரியும் என்பது. உயரமான கட்டடமும் பர்கரும் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் என்னைத் திருத்தத் தொடங்கினார்.

அவரிடம் வேலை செய்வதென்றால் முதலில் மா வறுக்கப் பழகவேண்டும். எண்ணெயும் கோதுமை மாவும் சம அளவு. சின்ன நெருப்பு. மரக்கரண்டி. வெள்ளையாக இருக்கும் மா மெல்ல மெல்லப் பழுத்து, மண் நிறமாகி, கடைசியில் சொக்லேற் நிறத்துக்கு வரவேண்டும். அதுவரை கரண்டி ஓயக்கூடாது, தொலைபேசி எடுக்கக்கூடாது, ஒன்றுக்குப் போகக்கூடாது. ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கவேண்டும். நான் அவசரப்பட்டால் மதாம் ஏசமாட்டார். கதிரையில் இருந்து எழும்பி வந்து, என் கையில் இருந்து கரண்டியை மெதுவாக எடுத்துக்கொண்டு, என்னைத் தன் கதிரையில் இருத்திவிடுவார். எல்லோரும் வேலை செய்ய, ஒரு சமையல்காரன் சும்மா கதிரையில் குந்தியிருப்பதைவிட அவமானம் வேறு இல்லை. ஏச்சு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்த மாவில்தான் வெங்காயம், செலரி, கறிமிளகாய் மூன்றும் விழும். பிறகு நண்டு, இறால், வெண்டிக்காய். அதன் பெயர் கம்போ. ஆபிரிக்க மொழிகளில் வெண்டிக்காய்க்கு இருந்த பெயரே அந்தச் சாப்பாட்டுக்குப் பெயராகிவிட்டது என்றார். நான் முதல்நாள் செய்த வேலை, வெண்டிக்காயைத் தனியாக வதக்கி அதன் வழுவழுப்பை எடுத்தது. எங்கள் ஆட்களில் யாரை விட்டாலும் அதைத்தான் செய்வார்கள். அதோடு நில்லாமல், நண்டு இருக்கிறதே என்று கொஞ்சம் புளியும் கரைத்து விட்டேன். மதாம் ருசி பார்த்தார். கரண்டியை எடுத்துக்கொண்டார். நான் கதிரைக்குப் போனேன். வழுவழுப்புத்தான் கம்போ, அதை எடுத்தால் வெறும் நண்டுத் தண்ணீர் என்றார்.

அடுத்த கிழமை வேலைக்காரருக்கான சாப்பாடு என் முறை. ரூ காயில் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா வாங்கிவந்து, நண்டும் இறாலும் பயற்றங்காயும் போட்டு, இந்த முறை நியாயமாகவே புளிவிட்டு, ஒடியற்கூழ் காய்ச்சினேன். மதாம் இரண்டு கிண்ணம் குடித்தார். மூன்றாவதையும் கேட்டுவிட்டு, உன் ஊரும் என் ஊரும் எங்கேயோ சொந்தம் என்றார். புளியை மன்னித்துவிட்டார் என்று விளங்கியது.

இனி புதினங்கள். மலருக்குக் கேட்டவை இவைதான்.

அந்த நகரத்தில் பிரெஞ்சுக்காரர் பகுதி என்று பெயர்பெற்ற பழைய தெருக்கள் இருக்கின்றன. உலகம் முழுவதிலும் இருந்து சனம் போய்ப் பார்க்கிறது. ஆனால் பிரெஞ்சுக்காரர் கட்டியவற்றில் பெரும்பாலானவை எரிந்துபோய்விட்டன. இன்று நிற்கும் பலவற்றைக் கட்டியது ஸ்பானியர் ஆண்ட காலத்தில். எங்கள் உணவகத்துக்கு வரும் பிரெஞ்சுக்காரர் யாராவது அது எங்கள் நகரம் என்று பெருமை கதைத்தால், மதாம் இதைச் சொல்லிவிட்டு, நம்பாவிட்டால் போய்ப் பாருங்கள் என்பார்.

திங்கட்கிழமை என்றால் அங்கே சிவப்புப் போஞ்சிக் கொட்டையும் சோறும். ஏனென்றால் திங்கள் உடுப்புத் தோய்க்கும் நாள். பெண்கள் காலையில் போஞ்சியை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தோய்க்கப் போய்விடுவார்கள். அது தன்பாட்டில் வேகும். உடுப்புத் தோய்க்க இயந்திரம் வந்த பிறகும் திங்கட்கிழமை மாறவில்லை. நாங்களும் பாரிசில் திங்கள் தவறாமல் அதைத்தான் போட்டோம்.

செத்தவரை அங்கே பல இடங்களில் நிலத்துக்கு மேலே, சின்ன வீடுபோல் கட்டிய கல்லறையில் வைப்பார்கள். தோண்டினால் தண்ணீர் வருகிற நிலம். ஒரு வருடமும் ஒரு நாளும் கழிந்தால், அந்த வெக்கையில் மிஞ்சியதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அதே அறையில் அடுத்தவரை வைக்கலாம். பரம்பரை முழுவதும் ஒரே வீட்டில். காணி வழக்கே வராது என்று நான் சொன்னேன். மதாம் விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்கள் ஊரில் மரணச் சகாய சங்கம் இருந்ததுபோல் அங்கேயும் இருந்தது. கறுப்பு மக்கள் மாதாமாதம் கொஞ்சம் கொடுத்து வைப்பார்கள். ஒருவர் இறந்தால் சங்கமே பெட்டி எடுத்து, வாத்தியக்காரரையும் பிடித்துக்கொடுக்கும். கல்லறைக்குப் போகும்வரை மெதுவான, அழுகிற இசை. உடலைக் கொடுத்த பிறகு, அதை அவர்கள் அவிழ்த்துவிடுவது என்று சொல்வார்கள், இசை தலைகீழாக மாறும். வேகமாக, ஆட்டத்தோடு, குடையை விரித்துச் சுழற்றிக்கொண்டு திரும்பி வருவார்கள். இழவுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் தெருவில் பின்னால் சேர்ந்து ஆடுவார்கள். யாரும் பிழையாக நினைப்பதில்லை.

இதை அவர் எனக்குச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. மா கிண்டும்போது என் வலதுகை கரண்டியில் இருக்கும். இடதுகை விரல்கள் அடுப்பு விளிம்பில் தட்டிக்கொண்டே இருக்கும். எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. யார் பழக்கியது என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். ஒருவரும் பழக்காத விரல் இப்படித் தட்டாது என்றார். பல மாதம் விட்டுவிட்டு ஒருநாள் திரும்பக் கேட்டார். அன்று சொன்னேன்.

என் அப்பா பறை அடித்தவர். எங்கள் பக்கத்துப் பறை தோளில் தொங்குவது, இரண்டு பக்கமும் தோல் கட்டியது. செத்தவீட்டு வாசலில் ஓர் அடி, தெருவில் ஓர் அடி, சுடலையில் வேறோர் அடி. நானும் இளவயதில் அவரோடு போய் அடித்தேன். வீட்டுப்படி ஏறாமல் முற்றத்து வெயிலில் நின்று அடித்தோம். அதற்குப் பெயர் கலை என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. பாரிசில் இதை நான் சொன்ன முதல் ஆள் அந்த அமெரிக்க அம்மாதான்.

அவர் என்னைப் பாவம் பார்க்கவில்லை. நியூ ஓர்லியன்ஸில் ஒரு சதுக்கம் இருந்தது, அங்கே அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி மேளம் அடித்து ஆடினார்கள், வேறு எங்கேயும் மேளத்தைத் தொட்டாலே அடி விழுந்த காலத்தில் அங்கே அடித்தார்கள் என்றார். உலகம் ஜாஸ் என்று காசு கொடுத்துக் கேட்பதன் வேர் அந்த மேளத்துக்குப் போகிறது. ஆனால் தன் சொந்தக் குடும்பத்திலேயே மரியாதையான பெண்கள் வாத்தியக்காரர் பின்னால் நடக்கக்கூடாது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள் என்றும் சொன்னார். "நீங்கள் நடந்தீர்களா?" என்று கேட்டேன். "ஒவ்வொரு முறையும்" என்றார்.

என் மகள் துளசி பள்ளிக்கூடம் விட்டு அங்கேதான் வந்து பாடம் படிப்பாள். அவள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். தாய் இல்லாத பிள்ளை என்று மதாம் அவளுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார். படித்து ஆசிரியையாகி, நிரோஜன் என்ற பெடியனை விரும்பினாள். அவனுடைய தகப்பன் மகேசன், ரூ காயில் புடைவைக் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர் என்றுதான் நானும் நினைத்தேன். சம்பந்தம் பேச வந்தபோது, ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார். தெற்குப் பக்கம் என்றேன். எந்தக் கோயிலடி என்றார். யாழ்ப்பாணத்தான் மூன்றாவது கேள்வியில் எதைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாதா? தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ என்றேன். நான் பொய் சொல்லவில்லை. கேள்வி நேராக வந்திருந்தால் பதிலும் நேராக வந்திருக்கும். கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

அந்த வருடம்தான் மதாமுக்கு வருத்தம் முற்றியது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் ஒழுங்கு பண்ணி வைத்திருந்தார். உடல் விமானத்தில் ஊருக்குப் போகும், தகப்பன் தாய் இருக்கும் அந்தக் கல் வீட்டுக்கு. ஆனால் உணவக வாசலில் இருந்து பெரிய தெருவரைக்கும் அவருடைய வாத்திய நண்பர்கள் நடந்து கொண்டுபோய் விடவேண்டும். ட்ரம்பெட் ஊதுகிற நண்பர் பக்கத்தில் நின்றார். மதாம் அவரிடம், மேளம் ராசாவுக்கு என்றார். ராசா என்பது நான். என் பக்கம் திரும்பி, அவசரப்படாதே என்றார். நான் சரி என்றேன்.

உணவகத்தில் இருந்து பெரிய தெருவுக்குப் போகும் வழி ரூ காய். அதிகாரிகளிடம் எடுத்த அனுமதியிலும் அந்தத் தெருதான்.

மதாம் கண்மூடி, பெட்டி புறப்பட இருந்த நாள் காலை துளசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய அப்பப்பா, என் அப்பா, என்ன செய்தார் என்பது, மகேசனுடைய மூன்று கேள்விகளின் அர்த்தம், எல்லாம். இவ்வளவுதானா என்று பிரெஞ்சில் கேட்டாள். இவ்வளவுதான், ஆனால் ரூ காயில் இது சின்ன விஷயம் இல்லை என்றேன். வாத்தியக்காரரின் பெரிய மேளத்தைச் சும்மா ஒன்று இரண்டு என்று தட்டிக்கொண்டு போனால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது, வெள்ளைக்காரர் பாண்டில் ஒரு தமிழன் நிற்கிறான் என்று மட்டும் நினைப்பார்கள், அப்படியே செய்கிறேன் என்றும் சொன்னேன். அவள் இந்த முறை தமிழில், "மேளம் உங்கடை, அப்பா" என்றாள்.

பெட்டி வண்டியில் ஏறியது. வண்டி நடை வேகத்தில் நகர்ந்தது. வாத்தியக்காரரின் மேளத்தைத் தோளில் மாட்டினேன். தோளில் தொங்குவது, இரண்டு பக்கமும் தோல், வயிற்றில் வந்து இடிக்கும் பாரம். அப்பாவின் மேளத்தைக் கொஞ்சம் பெருப்பித்ததுபோல் இருந்தது. ட்ரம்பெட் அழத் தொடங்கியது. நான் சொன்னபடி ஒன்று இரண்டு என்று தட்டினேன்.

ரூ காய் மூலை வந்தது. கடைகளில் இருந்து சனம் எட்டிப் பார்த்தது. காய்கறிக் கடைக்காரர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் முன்னால் வண்டிக்குள் மதாம் போகிறார். நிறம் வருமுன் மாவை இறக்க என்னை ஒருநாளும் விடாத மனுஷி. நான் அவருக்குப் பச்சை மா பரிமாறிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. மகேசன் மேல் இல்லை, அந்தத் தெரு மேலும் இல்லை, என் கையின் மேல். கை அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. அப்பாவின் தெருவடியை அடித்தேன்.

ட்ரம்பெட்காரர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பாட்டை அந்த அடிக்கு மேல் வைத்துக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாழ்ப்பாணத்தவர் யாருக்கும் அந்த அடி தெரியும். முதல் சுற்றிலேயே தெருவின் முகம் மாறியது. நகைக்கடை வாசலில் நின்ற ஒரு முதியவர் தன்னை அறியாமலே தொப்பியைக் கழற்றினார். பிறகு அடிப்பவன் யார் என்று பார்த்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். மகேசன் கடை வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார், மேளத்தைப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பார்த்தார். ஒருநாளில் பழகிய மணிக்கட்டு இல்லை அது என்று அவருக்கு விளங்கியது. உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

பெரிய தெருவில் வண்டி நின்றது. எல்லோரும் பெட்டியைத் தொட்டார்கள். வண்டி விமான நிலையம் நோக்கிப் போனது. ட்ரம்பெட்காரர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, இனி அவிழ்த்துவிட்டோம், திரும்பிப் போகும் இசை என்றார். அந்த நேரம் துளசியின் தொலைபேசியில் செய்தி வந்தது. நிரோஜன் எழுதியிருந்தான். தன் அப்பா கேட்கிறார், இது உண்மையா என்று. அவள் அதை என்னிடம் காட்டினாள். என் பிள்ளையின் வாழ்க்கையை நான் தெருவில் போட்டு அடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்துத் தெருவால் திரும்பிப் போய்விடலாம், ரூ காய் வேண்டாம் என்று ட்ரம்பெட்காரரிடம் சொல்லத் தொடங்கினேன்.

துளசி இடையில் வந்தாள். நிரோஜனுக்கு ஓம் என்ற ஒரு சொல்லை மட்டும் அனுப்பிவிட்டுத் தொலைபேசியைப் பைக்குள் போட்டாள்.

"வந்த தெருவாலேயே போவம் அப்பா. மதாம் சொன்னவா, போகேக்கை அழுதிட்டு, திரும்பேக்கை ஆடோணும் எண்டு."

மதாமின் மஞ்சள் குடையை அவள் காலையிலிருந்தே கையில் வைத்திருந்தாள். அதை விரித்தாள்.

அப்பா செத்தவீட்டில் இருந்து திரும்பும்போது ஒருநாளும் அடித்ததில்லை. திரும்பும்போது நாங்கள் தலை குனிந்து, எங்களுக்குப் போட்டதை வாங்கிக்கொண்டு சந்து ஒழுங்கையால் போவோம். ஆகவே அந்த வேக அடி எனக்கு யாரும் தந்தது இல்லை. அன்று ரூ காயில் நானாகச் செய்தேன். அப்பாவின் அடியை எடுத்து, மதாமின் ஊரின் ஓட்டத்தில் விட்டேன். துளசி முன்னால் குடையைச் சுழற்றிக்கொண்டு போனாள். அவளுக்கு ஆடத் தெரியாது. ஆடினாள். வெள்ளை, கறுப்பு, அரபு, சீனம் என்று தெருவில் நின்றவர்கள் பின்னால் சேர்ந்தார்கள். எங்கள் ஆட்களில் சேர்ந்தது ஒரே ஒருத்தி, பூக்கடையில் நின்ற மனுஷி. அவர் யார், எந்தக் கோயிலடி என்று நான் கேட்கவில்லை. புடைவைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிரோஜன் நின்றான். வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மகேசன் தொலைபேசியில் வந்தார். குரலில் மரியாதை குறையவில்லை, அதுதான் அவர்களுடைய கெட்டித்தனம்.

"அண்ணை, இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாம்."

"ஓம். நீங்களும் முதலே கேட்டிருக்கலாம்" என்றேன்.

கல்யாணம் நின்றது. நிரோஜன் ரயில் நிலையத்தில் துளசியைச் சந்தித்து அழுதானாம், கொஞ்சக் காலம் பொறு என்றானாம். அவள் பொறுக்கவில்லை. நான் அவளிடம் ஒருமுறை, உனக்கு நட்டம் வந்துவிட்டதே என்றேன். அவள் ஒருநாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. இப்போது அவள் பாரிசுக்குப் பக்கத்தில் ஓல்னேயில் இருக்கிறாள். வேறு கல்யாணம் கட்டினாளா என்று இன்றும் என்னைக் கேட்பவர்களுக்குச் சொல்வது, அது உங்கள் வேலை இல்லை.

மதாமின் உணவகம் இப்போது பர்கர் கடை. வேறு சமையலறைகளில் நின்று என் காலத்தை முடித்தேன். இதற்கிடையில் ஒரு புதினம் நடந்திருக்கிறது, இது நியூ ஓர்லியன்ஸ் புதினம் இல்லை, லா சப்பல் புதினம். பொங்கல் விழா மேடையில் இப்போது பறை அடிக்கிறார்கள். தமிழ்நாட்டு வட்டப்பறை, கறுப்புச் சட்டை, பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகள் எல்லோரும். நன்றாகவே அடிக்கிறார்கள். முதல் வரிசையில் மகேசன் இருந்து கைதட்டுவதை நானே கண்டேன். மேடையில் அடித்தால் பண்பாடு, தெருவில் ஒருவன் தன் தகப்பனின் அடியை அடித்தால் சாதி. அதே மேடையின் மலரில்தான் என் கட்டுரைக்கு இடம் போதவில்லை. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது. நான் ஒடியல் தின்று வளர்ந்தவன்.

பெடியன்கள் கேட்டது சமையலைப் பற்றி. அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மாவை நிறம் வருமுன் இறக்காதே. வெண்டிக்காயின் வழுவழுப்பை எடுக்காதே. கம்போவுக்குள் புளி விடாதே. எனக்கு மதாம் கற்றுத்தந்தது அவ்வளவுதான்.

மற்றது என் சொந்த ஏற்பாடு. அந்த மேளத்தை ட்ரம்பெட்காரர் எனக்கே தந்துவிட்டார். அது இப்போது துளசி வீட்டில் இருக்கிறது. அவள் தானாகவே அடித்துப் பழகுகிறாள், பிழை பிழையாக, பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு வைக்கும்வரை. என் காலம் வந்தால் என்னை ரூ காய் வழியாகத்தான் கொண்டுபோகவேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போகும்போது அப்பாவின் அடி. என்னை அவிழ்த்துவிட்ட பிறகு, அதே தெருவால், அவளுடைய அடி. கடைக்காரர் விரும்பினால் கதவைச் சாத்தட்டும். மேளம் கண்ணாடிக்கு உள்ளேயும் கேட்கும்.